‘உன்னை மாற்றிக்கொள்’ என்பவர்களுக்கு ஒரு மறுப்பு

எட்டு வருடமாக ஒரே பதவி, விலைவாசிக்கு ஈடுகொடுக்காத சம்பளம், ஞாயிறு சாயங்காலமே கனக்கத் தொடங்கும் மனசு என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராக வருகிறது: “நீ உன்ன அப்டேட் பண்ணிக்கல.” மேலாளர் இதைச் சொல்கிறார். சித்தப்பா சொல்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். யூடியூபில் சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் இதையே பன்னிரண்டு நிமிடம் சொல்லி, கடைசியில் தன் பயிற்சி வகுப்பின் கட்டணத்தையும் சொல்கிறார். இந்தப் பதில் தவறு. இதில் பாதி உண்மை உண்டு, மீதியைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சமாதானமாகப் போக எனக்கு விருப்பமில்லை. விளைவைக் காரணம் என்று காட்டுகிற தவறு இது. இதனால் பாதிக்கப்படுகிறவர்களை நான் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துவருகிறேன்.

எதிர்த்தரப்பை அவர்களே ஒப்புக்கொள்ளும் வடிவில் முதலில் வைக்கிறேன். உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்றைய தொழில்நுட்பத்துக்கு இன்று மதிப்பில்லை. நிறுவனம் தர்ம சத்திரம் அல்ல, பயன் தருபவருக்குத்தான் அது உயர்வு கொடுக்கும். ஒரே குழுவில் சேர்ந்த இருவரில் ஒருவர் மேலே போகிறார், மற்றவர் நிற்கிறார் என்றால் வித்தியாசம் அந்த இருவரிடம்தான் இருக்க வேண்டும். ஆகவே நின்றவர் புதிதாகப் படிக்கட்டும், பழகிய சொகுசை விட்டு வெளியே வரட்டும், முடியாவிட்டால் வேலையை மாற்றட்டும். விதியை நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது நல்லதுதானே? மனிதரின் கையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் பேச்சு அல்லவா இது?

இந்த வாதத்தைக் கேலி செய்ய முடியாது. புதிதாகக் கற்று மேலே போனவர்கள் இருக்கிறார்கள். கற்பது நல்லது என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. என் மறுப்பு வேறு இடங்களில் இருக்கிறது.

1. பத்துப் பேரும் படித்தால் நாற்காலி எத்தனை கூடும்?

ஒன்றுகூடக் கூடாது. நம் ஊரில் இந்த அறிவுரை மிக அதிகமாகக் கொட்டப்படும் இடம் மென்பொருள் சேவைத் துறை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த நிறுவனங்களின் கட்டமைப்பைப் ‘பிரமிடு’ என்று அத்துறையினரே சொல்கிறார்கள். அடியில் கல்லூரியிலிருந்து நேரே வந்த பெருங்கூட்டம், நடுவில் கொஞ்சம் பேர், உச்சியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கிளையண்டிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தொகைக்கும் அந்தத் தலைக்கு ஆகும் செலவுக்கும் உள்ள இடைவெளிதான் லாபம். அடித்தளம் அகலமாகவும் மலிவாகவும் இருக்கும்வரை லாபம் வரும். நடுப்பகுதி பருத்தால் லாபம் மெலியும். ஆகவே உள்ளே வரும் பெரும்பாலோர் மேலே போகாமலிருப்பது அந்தத் தொழில் ஓடுவதற்கான நிபந்தனை.

பத்துப் பேர் குழுவில் லீட் பதவி ஒன்று. ஒருவர் மட்டும் கிளவுட் சான்றிதழ் வாங்கினால் அவருக்கு அது கிடைக்கலாம். பத்துப் பேரும் வாங்கினால் சான்றிதழ் தகுதி என்ற நிலையிலிருந்து இறங்கி வெறும் நுழைவுச்சீட்டாகிவிடும். பதவி அப்போதும் ஒன்றுதான். ஒருவருக்குப் பலிக்கும் யோசனை எல்லோருக்கும் சொல்லப்பட்டதும் பலிக்காமல் போகிறது. இதை ஒருவர் காதில் ரகசியமாகச் சொன்னால் அது உதவி. லட்சம் பேருக்குச் சொல்லிவிட்டு, நின்றுபோன தொண்ணூறாயிரம் பேரிடம் “நீ முயலவில்லை” என்றால் அது அநியாயம்.

அடித்தளத்தின் சம்பளத்தையும் பாருங்கள். 2010களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளம் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. இன்றும் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இதற்கிடையில் சோழிங்கநல்லூரில் வீட்டு வாடகை என்ன ஆனது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். ஒரு தலைமுறை முழுவதும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிட்டதா?

2. காரணத்தைப் பார்த்து ரேட்டிங் போடுகிறார்களா, ரேட்டிங்கைப் போட்டுவிட்டுக் காரணம் எழுதுகிறார்களா?

இருவரில் ஒருவர் ஏறி ஒருவர் நின்றால் வித்தியாசம் அவர்களிடம்தான் என்ற வாதத்தின் உயிர் அப்ரைசலில் இருக்கிறது. குழுத் தலைவராக இருந்த வருடங்களில், ரேட்டிங்கைச் சமன்செய்யும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடப்பதை வெளியில் இருப்பவர்கள் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவரில் ஒரு எக்செல் தாள் விரிந்திருக்கும். வரிசையாகப் பெயர்கள், எதிரே குழுத் தலைவர்கள் கொடுத்த ரேட்டிங். தாளின் அடியில் ஒரு கட்டம்: முதல் ரேட்டிங் இத்தனை பேருக்கு, இரண்டாவது இத்தனை பேருக்கு, கடைசி இத்தனை பேருக்காவது. கணக்கு இடித்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். எச்.ஆர். பெண் அதைப் பச்சையாக்காமல் யாரையும் அறையை விட்டு அனுப்ப மாட்டார்; அவருக்கு மேலிருந்து வந்த உத்தரவு அது. உடனே பேரம் தொடங்கும். “உங்க டீம்ல ஒண்ணக் குறைங்க, எங்க டீம்ல ஒண்ணக் குறைக்கிறேன்.” எந்தப் பெயர்? போன வருடம் நல்ல ரேட்டிங் வாங்கியவர், “அவருக்குப் போன தடவ குடுத்தாச்சு.” ராஜினாமா செய்யமாட்டார் என்று தெரிந்தவர், “அவரு எங்கயும் போகமாட்டாரு.” 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர், “வருஷம் முழுக்க இல்லையே.” பெயர் இறங்கும், கட்டம் பச்சையாகும்.

காரணம் எழுதும் வேலை அதற்கு அடுத்த வாரம். ‘முன்முயற்சி இன்னும் தேவை’, ‘பிற குழுக்களிடம் தெரிய வரும்படி செயல்பட வேண்டும்’ என்று இரண்டு வரி. அதை எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்பவர் வீட்டுக்குப் போய், தன்னிடம் முன்முயற்சி இல்லை என்று உண்மையாகவே நம்புகிறார். அதற்காக ஒரு வகுப்பில் சேர்கிறார். கட்டம் சிவப்பாக இருந்தது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

இந்த முறைக்கு ஊர் உலகமெல்லாம் அறிந்த வரலாறு உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று சதவீதக் கணக்கில் பிரித்துக் கடைசிப் பத்தை வெளியேற்றும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாஃப்ட் பல வருடம் இதே போன்ற கட்டாய வரிசைப்படுத்தலைப் பின்பற்றி 2013இல் கைவிட்டது. நம் நிறுவனங்கள் பலவும் பெயரை மாற்றிவிட்டன. ‘பெல் கர்வ்’ எனப்படும் அந்தக் கட்டாய வரிசைப்படுத்தல் இப்போது இல்லை என்கின்றன. சம்பள உயர்வுக்கு என்று ஒதுக்கிய தொகை முன்கூட்டியே முடிவாகியிருக்கும்வரை பெயர் மாறி என்ன பயன்? எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் சிலர் கீழே இருந்தாக வேண்டும் என்ற விதியை வைத்துவிட்டு, கீழே இருப்பவரிடம் குறை தேடுவது விசாரணை ஆகாது.

3. எந்தத் திறன் வளரும் என்பது யார் கையில் இருக்கிறது?

“படி” என்பவர்கள் படிப்பதும் திறனும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. நேர்முகத்தில் சான்றிதழை நீட்டினால் அடுத்த கேள்வி, “ப்ராஜெக்ட்ல யூஸ் பண்ணியிருக்கீங்களா?” ப்ராஜெக்டை ஊழியர் தேர்ந்தெடுப்பதில்லை. ஆள் ஒதுக்கும் பிரிவும் கிளையண்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவரை இரவு ஷிஃப்டில் பழைய வங்கி மென்பொருளின் சப்போர்ட் வேலையில் போடுகிறார்கள். அவர் அதை நன்றாகச் செய்கிறார். நன்றாகச் செய்வதாலேயே அவரை அங்கிருந்து விடுவிக்க மேலாளர் சம்மதிப்பதில்லை, கிளையண்டுக்கும் அவர்தான் வேண்டும். ஆறு வருடம் போகிறது. அவரோடு சேர்ந்த இன்னொருவர் முதல் நாளே புதிய ப்ராஜெக்டில் விழுந்தார். ஆறு வருடத்தில் அவர் நிபுணர். இப்போது இருவரையும் அருகருகே நிறுத்தி, “பார், அவர் தன்னை வளர்த்துக்கொண்டார்” என்கிறோம். முதல் நாள் ஒதுக்கீட்டின் விளைவுக்குத் திறன் என்று பெயர் வைத்து, அந்தத் திறனை உயர்வின் காரணமாகக் காட்டுகிறோம்.

சொன்னபடியே படித்தவர்களுக்கு என்ன நடந்தது? 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று வேலைக்கடிதம் கொடுத்துவைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. அவர்கள் கூடுதல் சம்பளத்துக்கென்றே தனிப் பயிற்சியை முடித்தவர்கள். மாதக்கணக்கில் அழைப்புக்குக் காத்திருந்தவர்கள். படிப்பில் குறை இருந்ததாக நிறுவனமே சொல்லவில்லை, சூழல் மாறிவிட்டது என்றது. சம்பளம் குறைய ‘சூழல்’ காரணம் ஆகலாம், உயர்வு வராததற்கு மட்டும் ஊழியரின் மனப்பான்மைதான் காரணம் என்பது என்ன நியாயம்?

2025 ஜூலையில் டிசிஎஸ், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். தலைமை நிர்வாகி கிருத்திவாசன் சொன்ன காரணத்தின் சாரம், திறன் பொருந்தவில்லை, பொருத்தமான வேலையில் அமர்த்த முடியவில்லை என்பது. ஊழியர்களில் பெரும்பகுதிக்குச் செயற்கை நுண்ணறிவில் பயிற்சி கொடுத்தாயிற்று என்று சொல்லிவந்த நிறுவனம் அது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆண்டுக்கு 225 நாளாவது கிளையண்டிடம் கட்டணம் வாங்கக்கூடிய வேலையில் இருக்க வேண்டும், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்திருந்தது. கட்டணம் வரும் ப்ராஜெக்டுகளை ஊழியர்கள் பிடித்து வருவதில்லை. வேலை கொடுக்கும் பொறுப்பு யாருடையதோ அவர் கொடுக்கத் தவறியதை, வாங்க வேண்டியவரின் திறன்குறை என்று பதிவு செய்கிறார்கள்.

4. போய்விடு என்கிறீர்கள். கதவு யார் பக்கம் பூட்டியிருக்கிறது?

நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதிதாக எடுக்கும் நிறுவனமோ “இம்மீடியட் ஜாயினர் வேணும்” என்கிறது. தான் எடுக்கும்போது உடனே வர வேண்டும், தன்னை விட்டுப் போகும்போது மூன்று மாதம் கழித்துப் போக வேண்டும் என்று எல்லா நிறுவனமும் சொன்னால் ஊழியர் எந்த வழியாகப் போவார்? 2022இல் இன்ஃபோசிஸ் வேலைக்கடிதத்தில் இருந்த ஒரு நிபந்தனை வெளியே வந்தது: வெளியேறிய ஆறு மாதத்துக்கு, டிசிஎஸ், விப்ரோ, அக்சென்ச்சர் போன்ற போட்டி நிறுவனங்களில் அதே கிளையண்டுக்கு வேலை செய்யக் கூடாது. ஊழியர் அமைப்பு ஒன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வரை போனது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. ஆனாலும், பணியில் இருக்கும் காலத்துக்கான பாண்ட் அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் சொல்லிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அங்கே நிலைத்தது.

இதற்கெல்லாம் தப்பி வெளியே போனாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. புதிய இடத்தின் முதல் கேள்வி “கரண்ட் சி.டி.சி. என்ன?” பழைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து அதன்மேல் 20 அல்லது 30 சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் வேலையில் குறைவாக மாட்டியவர் வாழ்நாள் முழுக்க அந்தக் குறைவைச் சுமந்துகொண்டு போகிறார். கலிஃபோர்னியாவில் 2018 முதல் வேலை கேட்டு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பது சட்டவிரோதம். நம் ஊரில் அதைக் கேட்காத எச்.ஆர். யார்?

5. அது சொகுசு வளையமா?

‘கம்ஃபர்ட் ஸோன்’ என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது. மாதம் 38,000 வீட்டுக் கடன் தவணை, அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் நகையை அடகு வைத்து டிசம்பரில் மீட்பது என்று வாழும் ஒருவர், பிடிக்காத வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைச் சொகுசு என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவரின் துணிச்சலும், அடுத்த மாதத் தவணைக்கு வழி இல்லாதவரின் தயக்கமும் குணத்தின் வேறுபாடுகள் ஆகா. பணத்தின் வேறுபாட்டைக் குணத்தின் வேறுபாடாகப் படிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது.

சரி, சிலர் உண்மையிலேயே முயல்வதை விட்டுவிடுகிறார்களே என்று கேட்கலாம். விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று உளவியல் ஐம்பது வருடத்துக்கு முன்பே தேடியிருக்கிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாத நாய்களை, அடுத்த நாள் எளிதில் தாண்டித் தப்பக்கூடிய பெட்டியில் விட்டபோது அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துவிட்டன. அந்த நிலையிலிருந்து அவற்றை எப்படி மீட்டார்கள் என்பது பலரும் சொல்லாமல் விடும் பகுதி. அழைத்துப் பார்த்தார்கள், மறுபக்கம் உணவை வைத்துப் பார்த்தார்கள், தடுப்பையே எடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைக் கட்டி, திரும்பத் திரும்ப மறுபக்கத்துக்கு இழுத்துப் போனார்கள். கடந்தால் அதிர்ச்சி நிற்கிறது என்பதை உடம்பு பலமுறை அனுபவித்த பிறகே அவை தாமாகத் தாண்டின. அதே இருவரும் 2016இல் தங்கள் கோட்பாட்டையே திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப்போவது உயிரின் இயல்பான முதல் எதிர்வினை, தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதுதான் கற்றுக்கொள்ளப்பட வேண்டியது.

இதை ஏற்றால் ஊக்க உரைகளின் கதை முடிந்தது. முயற்சிக்கும் பலனுக்கும் தொடர்பு அறுந்த இடத்தில் மனிதர் சோர்வார். அந்தத் தொடர்பை மறுபடி உண்டாக்காமல் “எழுந்து நில்” என்று கத்துவதால் எதுவும் நடக்காது.

6. ஐ.டி.க்கு வெளியே இந்த அறிவுரைக்கு என்ன பொருள்?

தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை செய்கிறார்கள். முனைவர் பட்டம், நெட் அல்லது செட் தேர்ச்சி, பத்து, பதினைந்து வருட வகுப்பறை அனுபவம் உள்ளவர்கள் அவர்களில் ஏராளம். 2025இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய். மே மாதம் அதுவும் கிடையாது. பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019இலேயே சொல்லிவிட்டது. அதே 2019இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நியமனம் வரவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு இன்னொரு அறிவிப்பு. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஆட்களுக்கு வயது ஏறுகிறது.

இவர்களிடம் போய் “உங்களை அப்டேட் பண்ணிக்குங்க” என்று சொல்லுங்கள் பார்க்கலாம். நாட்டில் உள்ள கடைசிப் பட்டம் வரை வாங்கியாயிற்று. இதற்கு மேல் என்ன படிப்பது? அவர்கள் நிற்கும் இடத்தில் அவர்களை நிறுத்தியது நிரப்பப்படாத இடங்கள். அந்த இடங்களை நிரப்புவது ஒரு அரசாணை. அரசு வேலைக்கான 2024 குரூப் 4 தேர்வையும் பாருங்கள்: 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. அந்தக் கணக்கில் முன்னூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. தோற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு குறை உடையவர்கள் என்று நம்புகிற மனிதர் கணக்கை மறந்துவிட்டார்.

7. ஏறியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

இது சுருக்கமான மறுப்பு, ஆனால் எனக்கு முக்கியமானது. தேங்கிவிட்டோம் என்று தவிக்கும் பலருக்கு வேலை பிடிக்கவில்லை என்பது பிரச்சினையே இல்லை. நிரல் எழுதப் பிடித்தவரை, நிரல் எழுதுவதிலேயே வைத்துக்கொண்டு சம்பளத்தை உயர்த்த வழி இல்லாததால் மேலாளராக்குகிறார்கள். அவர் மறுத்தால் ‘ஆர்வம் இல்லாதவர்’. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத வேலையில் போய் நிற்பார் என்று லாரன்ஸ் பீட்டர் 1969இல் புத்தகமே எழுதினார். இருபது வருடமாக ஒரே வார்டில் இருக்கும் ஒரு நல்ல நர்ஸம்மா தேங்கிவிட்டவரா? அவருக்கு வேண்டியது அனுபவத்துக்கு ஏற்ற ஊதியமும் மரியாதையும். அவற்றைக் கொடுக்க மனமில்லாத அமைப்பு, கொடுக்காமலிருப்பதற்குச் சாக்காகப் ‘பதவி உயர்வு’ என்ற ஒரே ஏணியை நிறுத்தி வைத்திருக்கிறது.

8. “அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா?”

எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இது. அமைப்புதான் காரணம் என்றால் திங்கட்கிழமை காலை தனி மனிதர் என்ன செய்வார்? அமைப்பு மாறும்வரை காத்திருப்பாரா?

தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதுதான் கையைக் கட்டுகிறது என்பது என் பதில். தன்னிடம் குறை என்று நம்புபவர் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம் அவருக்குத் தெரியாது, அவருடையது பக்கத்து இருக்கைக்குத் தெரியாது. மாலை நேரமும் சேமிப்பும் வகுப்புகளுக்குப் போகின்றன. அடுத்த வருடமும் உயர்வு வராதபோது வெட்கம் இரட்டிப்பாகிறது. ஸ்பென்சர் ஜான்சனின் ‘ஹூ மூவ்ட் மை சீஸ்?’ 1998இல் வந்தது. ஆட்குறைப்பு செய்த நிறுவனங்கள் அதை ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுத்தன. சீஸ் காணாமல் போனால் புதிய சீஸைத் தேடி ஓடு என்பது கதை. எடுத்தது யார் என்று தலைப்பில் கேட்டுவிட்டு, கதையில் அதற்குப் பதில் தேடவே இல்லை. பதில் தேடாதவரை நிர்வாகத்துக்கு நிம்மதி.

சரியான காரணத்தைக் கண்டவர் செய்ய வேண்டியவை நிறைய உண்டு, அவை எல்லாம் திங்கட்கிழமையே தொடங்கக்கூடியவை. தன்னைத் தடுப்பது திறனா, பதவிகளின் எண்ணிக்கையா, நோட்டீஸ் பீரியடா, வீட்டுக் கடனா என்று பிரித்துப் பார்ப்பது முதல் வேலை. திறன் என்றால் படிக்கட்டும், நானே சிபாரிசு செய்வேன். பதவி இல்லை என்றால் படிப்பதற்குச் செலவிடும் பணத்தைக் கடனை அடைக்கச் செலவிடுவது புத்திசாலித்தனம். வெளியே போகும் சுதந்திரம் அதில்தான் வரும். ப்ராஜெக்ட் மாற்றம் கேட்பதை வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். ரேட்டிங் குறைந்தால் எந்த வேலையில், எந்தத் தேதியில், என்ன குறை என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டும். ‘முன்முயற்சி’ என்ற சொல்லுக்கு உதாரணம் காட்டச் சொல்ல வேண்டும். சம்பளத்தைச் சக ஊழியர்களோடு பேச வேண்டும். ஒருவர் கேட்டால் தனிப்பட்ட மனக்குறை என்று ஒதுக்குவார்கள். பதினைந்து பேர் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2015இல் டிசிஎஸ் வேலையிலிருந்து நீக்கிய ஒரு பொறியாளர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், ஆகவே தொழிலாளர் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதிட்டது. பதவிப் பெயரைப் பார்க்காமல் செய்த வேலையின் தன்மையைப் பார்த்த நீதிமன்றம், அவர் தொழிலாளர்தான் என்று 2022இல் தீர்ப்பளித்து, முழுச் சம்பளத்தோடு திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. ஏழு வருடம் ஆனது. அந்த ஏழு வருடத்தை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் குறை தன்னிடம்தான் என்று அவர் நம்பியிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிர்வாகப் பணியில் இருப்பவரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் அதில் ‘தொழிலாளர்’ ஆக மாட்டார்கள். சம்பளம் உயர்த்தாமல் ‘லீட்’, ‘மேனேஜர்’ என்று பட்டம் மட்டும் கொடுக்கும்போது மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டம் என்னவாக இருந்தாலும் தினமும் தன் கையால் என்ன வேலை செய்கிறோம், யாரையாவது வேலைக்கு எடுக்கவோ யாருக்காவது விடுப்பு கொடுக்கவோ அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதற்கான சான்றுகளைத் தேதி வாரியாகக் குறித்து வைத்துக்கொள்வது இந்த மாதமே தொடங்க வேண்டிய வேலை. எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.